மேடைக்குப் போன எங்கள் வீட்டுப் பேச்சு

யாரும் யாருக்கும் பதில் சொல்லாத நாடகம் அது. மொழி செத்துப்போச்சு, மனிதர்கள் வெறும் சத்தம்தான் போடுகிறார்கள் என்று எங்கள் இயக்குநர் முழங்குவார். எழுதிவைத்த வசனம் கிடையாது. "அவங்கவங்க வீட்ல பேசுறதைக் கொண்டாங்க, அதைவிட அபத்தம் வேற எங்க கிடைக்கும்?" என்றார். ஒத்திகைக்கு நான்தான் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோனேன்.

எல்லாம் என் வீட்டுக்காரர் பேச்சு. திருநெல்வேலிக்காரர், மத்திய அரசு உத்தியோகம். கல்யாணமாகி டெல்லி மோதி பாக் குவார்ட்டர்ஸுக்கு வந்ததிலிருந்து நான் அதிகம் கேட்டது குழாயைப் பற்றிய ஒரே கேள்விதான்: "தண்ணி வந்துட்டா?" எனக்குக் காய்ச்சலா, தண்ணி வந்துட்டா. என் தங்கைக்குக் கல்யாணமா, தண்ணி வந்துட்டா. அதற்கு முன்னால் ஒரு செருமல் வேறு. மேடையில் மனைவி நான். மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவேன். கணவனாக நடித்த குர்காவ் ஐடி இளைஞர் அந்தக் கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்பார். செருமலைக்கூட நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மேடையில் வருவது அவர் பேச்சுதான் என்று வீட்டில் மூச்சு விடவில்லை. நாடகத்துக்கெல்லாம் இவர் எங்கே வரப்போகிறார் என்ற அலட்சியம்தான். மனுஷன் ஆபீஸ் தமிழ்க்காரர்களைக் குடும்பத்தோடு கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்டம்மா நடிக்கா" என்று வாசலில் எல்லோரிடமும் சொன்னாராம்.

முதல் செருமலுக்கே சிரிப்பு கிளம்பியது. "சார், அச்சு அசல் நீங்கதான்!" என்று அவர் ஆபீஸ்காரர் ஒருவர் கத்த, அரங்கமே என் வீட்டுக்காரரை எட்டிப் பார்த்தது. அவரும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார், பாவம். ஐயோ, யாராவது திரையை இழுத்து மூடிவிட மாட்டார்களா என்றிருந்தது எனக்கு. ஆனால் வாய் அதுபாட்டுக்குப் பேசியது. கைதட்டல் வர வர இன்னும் உரக்கப் பேசினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

திரும்பும்போது ஆட்டோவில் சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் தேவலை. "நல்லா நடிச்ச" என்றார்.

"சும்மா நாடகந்தானே, மனசுல வச்சுக்காதீங்க" என்று இழுத்தேன்.

"இல்ல, சரியாத்தான் இருந்துச்சு. நான் அப்படித்தான் கேக்கேன்." ஆட்டோவுக்குச் சில்லறை எண்ணி எடுத்தார். "வேற என்ன கேட்டாலும் ஒனக்குக் கோவம்லா வருது. இல்லன்னா பேசாம இருந்துருத. தண்ணி வந்துட்டான்னு கேட்டா மட்டுந்தான் பதில் சொல்லுத. அதான் அதையே கேக்கேன்."

வந்த புதிதில், டெல்லி பிடிச்சிருக்கா, ஏன் மொகம் வாடியிருக்கு என்றெல்லாம் அவர் கேட்டதும், ஒன்றுமில்லை என்று நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டதும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அத்தனை பேருக்கு முன்னால் வாய் கிழியப் பேசிவிட்டு வந்தவள், அவர் சொன்னதற்கும் பதில் சொல்லவில்லை.