எழுபத்தொரு புள்ளி விழுந்த வாசல்

ரமாபாய் அக்கா போனில் ஒரு புகாரை எழுதி முடித்ததும் உடனே அனுப்பிவிட மாட்டார். முதலில் செருப்பைக் கழற்றுவார். இடது காலை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வலது காலை வாசற்படிக்கு வெளியே வைப்பார். ஊர்வலம் பார்க்கக் குழந்தையைத் தூக்கிக் காட்டுவதுபோல் போனை இரண்டு கையாலும் தலைக்கு மேலே, தண்ணீர்த் தொட்டி இருக்கும் திசைக்குத் தூக்குவார். கட்டைவிரல் மட்டும் அசைந்து பொத்தானைத் தொடும். உதடு ஒன்று, இரண்டு என்று எண்ணும். பன்னிரண்டுக்குள் மணி அடித்தால் கையை இறக்கி, திரையில் ஒரு தூசி இல்லாவிட்டாலும் முந்தானையால் துடைத்து, "போய்ச் சேந்துச்சு" என்பார். அடிக்காவிட்டால் கால் மாற்றி நின்று மறுபடி தூக்குவார். வியாசர்பாடியில் எங்கள் ஹவுசிங் போர்டு கட்டடத்தில் சிக்னல் முழுதாகக் கிடைக்கிற இடம் அந்த வாசல் ஒன்றுதான்.

நான் மேல்மாடி. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. சாயங்காலம் திரும்பியதும் படிக்கட்டில் உட்கார்ந்து கவிதைப் புத்தகம் படிப்பேன். அல்லது படிப்பதுபோல் கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "இன்னா நைனா, பாதிப் பக்கம் வெள்ளையாவே கீது. அதுக்கும் சேத்தா துட்டு வாங்கறான்?" என்று அக்கா ஒருமுறை கேட்டார்.

அக்காவுக்கு பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை. ரயிலில் கொடுக்கிற படுக்கை விரிப்புகள் பயணம் முடிந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் உதறி, பிரித்து, சலவைக்கு அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருடமாக உதறுகிறார். ஒற்றைக் கம்மல், மூக்குக்கண்ணாடி, மாத்திரை அட்டை, ஒருமுறை யாரோ ஒருவரின் கல்யாண மோதிரம் என்று என்னென்னவோ விழும். எல்லாவற்றையும் மேஸ்திரியிடம் ஒப்படைத்து கையெழுத்து வாங்கிக்கொள்வார். "பொருளு எங்கயும் பூடறதில்ல. எங்கியோ ஒரு மடிப்புல மாட்டிகினு கீது" என்பது அவர் கட்சி.

அவர் புகார் எழுத ஆரம்பித்தது கணவர் பீம்ராவ் அண்ணனுக்காக. அண்ணன் காட்டுப்பள்ளி கப்பல் தளத்தில் வெல்டர். நான்கு வருடத்துக்கு முன் வேலைக்குப் போகும் பஸ்ஸில் டிரைவிங் லைசென்ஸைத் தொலைத்துவிட்டு, அதற்காக ஏதோ ஒரு அலுவலகத்துக்கு மூன்று நாள் நடந்தார். நான்காம் நாள் யார்டில் கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி அக்காவின் போனில் 'தெருநிலவரம்' என்ற செயலியை ஏற்றிக் கொடுத்தாள். தெருவில் நடக்கிற களவு, சண்டை, தொல்லை எதையும் யார் வேண்டுமானாலும் அதில் பதியலாம். பதிந்தால் ஊர் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். நமக்கு எண் போட்ட ஒரு சீட்டு வரும். அக்கா அந்தச் சீட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தனுப்பினார். அலுவலகத்தில் அண்ணனை உட்காரச் சொன்னார்களாம்.

அது போதாதா? ஒருவர் இருவராக வந்து, பிறகு குடியிருப்பே அக்கா வாசலுக்கு வந்தது. வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டையிலிருந்தெல்லாம் சொந்தம், சிநேகிதம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். காசு வாங்க மாட்டார். "ஐயா, வணக்கம்" என்று தொடங்கி, காணாமல் போன பொருளின் நிறம், வயது, குணம் எல்லாம் எழுதுவார். பிறகு செருப்பைக் கழற்றி, கால் வைத்து, தூக்குவார்.

இப்படி இருக்கும்போதுதான் அவர் மகள் ஷாலுவுக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மூன்று வாரம் பயிற்சி. அது முடிந்ததும் காலை ஷிப்ட், ஏழிலிருந்து மூன்றரை வரை, என்று பேச்சு. அந்த ஷிப்ட்டை நம்பித்தான் அவள் மாலை நேரக் கல்லூரியில் எம்.காம். சேர்ந்திருந்தாள். வகுப்பு அடுத்த மாதம் தொடங்கும், ஐந்து மணிக்கு. பகல் ஷிப்ட் என்றால் ஏழு மணிக்குத்தான் விடுவார்கள், படிப்பு அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு கம்பெனியில் வண்டி ஏற்பாடு பார்க்கிற பாஸ்கர் என்பவர் போன் செய்தார். ஷாலு ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். நான் படிக்கட்டில்.

"மேடம், காலை ஷிப்ட்டுக்கு லேடீஸ்னா வீட்டு வாசல்லதான் ஏத்தணும், அது ரூல். தெருநிலவரம் மேப்புல உங்க தெரு ஃபுல்லா ரெட். கேப் உள்ள வராது."

"மெயின் ரோட்டுக்கு நானே வந்துடறேன் சார்."

"அது ரூல் இல்லையே மேடம். பகல் ஷிப்ட் எடுத்துக்குங்க. மேப்பு மாறினா சொல்லுங்க. திங்கக்கிழமை மத்தியானம் லிஸ்ட்டை மூடிடுவோம்."

அக்கா உள்ளேயிருந்து வந்தார். "இன்னாடி சொல்றான்?"

"நம்ம தெரு ரொம்ப மோசமாம். வண்டி வராதாம்."

"நம்ம தெருவா? வாசல்ல வத்தல் காயப் போட்டா காக்காகூட எடுக்காதே."

ஷாலு செயலியைத் திறந்து என்னிடம் நீட்டினாள். "நீயே பாரு குட்டு." செங்குட்டுவன் என்ற என் பெயரை அவள் சுருக்குவது அப்படி.

துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரை வரைபடத்தில் அங்கங்கே அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள். ராயபுரத்தில் நாலு, திருவொற்றியூரில் ஆறு. வியாசர்பாடியில் மட்டும் தக்காளிப்பழம் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். விரலால் அகட்டினேன். வட்டம் தெருவுக்குள் வந்தது. இன்னும் அகட்டினேன். எங்கள் கட்டடத்துக்குள் வந்தது. இன்னும் அகட்டியபோது எழுபத்தொரு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வாசற்படியில் உட்கார்ந்திருந்தன. ஒன்றைத் தொட்டேன். 'களவு. ஐயா, வணக்கம். செந்நிறச் சேவல் ஒன்று, வயது ஒன்றரை, கோபக்காரன்.'

எனக்குப் புரிந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது என்பதுதான் புரியவில்லை. கொஞ்ச நேரம் புத்தகத்தைத் திறந்து மூடினேன்.

"யக்கா," என்றேன் கடைசியில், "போன் எங்க கீதோ அங்கதான் புள்ளி விழுது. பொருளு எங்க போச்சோ அங்க இல்ல."

அக்கா வாசற்படியைக் குனிந்து பார்த்தார். புள்ளிகள் அங்கேயே கிடப்பதுபோல் காலைச் சற்று நகர்த்திக்கொண்டார்.

பக்கத்து வீட்டில் இட்லி சுட்டு விற்கிற கெங்கம்மா மாவுக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "அப்ப மெட்ராஸ்லயே பெரிய கேடி நம்ம பக்கத்து வூட்லதான் குடி கீறா. தெரியாம இத்தினி நாளு ஓசிச் சட்னி குடுத்துகினு இருந்தேன்."

"சும்மா இரு கெங்கு," என்றார் அக்கா. குரலில் காற்று இல்லை.

ஷாலு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். "ஏம்மா, குடை களவு, பல் செட்டு களவு, ரேஷன் கார்டு களவு. 'தொலைந்தது'ன்னு தனியா ஒரு கட்டம் கீதே. அது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதான்டி போடல. தொலைச்சுட்டேன்னு எயுதினா, ஒயுங்கா வெச்சுக்கத் தெரியாதான்னு கவுண்டர்ல கேப்பான். களவு போச்சுன்னா அய்யோ பாவம்னு நாற்காலி காட்டுவான். நம்ம ஜனத்துக்கு நாற்காலி கெடைக்கட்டுமேன்னு போட்டேன்." மகளைப் பார்த்தார். "என் பொண்ணு உக்கார வேண்டிய சீட்டுல போய் கை வெப்பேன்னு இன்னா கண்டேன்."

செயலியில் ஒரு வழி இருந்தது. பதிந்த போனிலிருந்தே புள்ளியை உண்மையான இடத்துக்கு நகர்த்தலாம். பொருள் கிடைத்துவிட்டது என்று சொன்னால் புள்ளியே அழியும். ஆனால் எழுபத்தொரு பேரையும் கேட்க வேண்டும். சனிக்கிழமை முழுக்க அக்கா யார்டிலிருந்தே போன் போட்டார். ஞாயிறு காலை நாஷ்டா முடிவதற்குள் படிக்கட்டு நிறைந்துவிட்டது. எனக்குக் கடைசிப் படிதான் கிடைத்தது. பெயர் படிக்கும் வேலை என்னுடையது. என் குரல் எட்டாததால் கெங்கம்மா அதைத் திருப்பிக் கத்தினார்.

முதலில் சுப்பராயன் பெரியவர், பல் செட். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"அது மறாநாளே கெடைச்சுடுச்சு," என்றார், பல் தெரியச் சிரித்து. "சட்டைப் பையிலதான் இருந்துச்சு."

"அத்த அப்பவே வந்து சொல்றதுக்கின்னா?"

"நீ எவ்ளோ சோக்கா எயுதியிருந்த. கெடுக்க மனசு வரல."

அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரி ஆனது. குடை அண்ணி வீட்டில் இருந்தது. ரேஷன் கார்டு அரிசி டின்னுக்குள் இருந்தது. பீம்ராவ் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, லைசென்ஸ் போன வருடமே பழைய பேண்ட்டிலிருந்து வந்ததாகச் சொன்னார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அண்ணன் எழுந்து எல்லோருக்கும் டீ வாங்கிவரப் போனார்.

"கெங்கு, உன் சேவல்?"

"அது ஆறாம் நாளே வந்துடுச்சு. வரும்போது ரெண்டு பொட்டக்கோயிய இஸ்துகினு வந்துச்சு."

"அப்ப அது களவே இல்ல," என்றார் சுப்பராயன். "சம்பந்தம்."

வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் கமால் பாயுடையது நிஜக் களவு. ஆட்டோவில் வைத்த துணிப்பை போனது போனதுதான். புள்ளியை அவர் தெருவுக்கு நகர்த்த ஷாலு விரலை வைத்ததும் அவர் கையைப் பிடிக்காத குறை. "அங்க வோணாம்மா. என் தம்பிக்கு பொண்ணு பாத்துகினு கீறாங்க. பொண்ணு வூட்டுக்காரனும் மேப்பு பாப்பான்ல?"

"அப்ப எங்க போச்சு பாய்?"

"ஆட்டோ ஓடிகினு இருந்துச்சு. ஏறும்போது பை இருந்துச்சு, பாலத்தாண்ட பாத்தா இல்ல."

"பாலத்து மேலயே போடுடி," என்றார் கெங்கம்மா. "அங்க யாருக்கும் கல்யாணம் இல்ல."

மதியத்துக்குள் அறுபத்திரண்டு அழிந்தன. எட்டு புள்ளிகள், நிஜமாகவே திருட்டுப் போனவை, தத்தம் இடத்துக்குப் பறந்தன: திருவொற்றியூர் ஸ்டேஷனுக்கு ஒரு சைக்கிள், ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒரு போன், இப்படி. ஒன்று மட்டும் மிச்சம். எங்கள் படிக்கட்டில் மாட்டியிருந்த பல்ப், ஹோல்டரோடு, இரண்டு வருடத்துக்கு முன் போனது. போன இடம் இந்த இடமேதான்.

"இதையும் அழிச்சுடும்மா," என்றாள் ஷாலு. "ஒரு பல்புதானே."

"நெஜமா போச்சுல்ல?"

"போச்சு. அதுக்கு? நாளைக்கு மத்தியானம் லிஸ்ட்டு மூடிடுவான்மா. ஒரு புள்ளியப் பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டா?"

படிக்கட்டே அக்காவைப் பார்த்தது. அக்கா போனை வாங்கினார். அழிக்கும் பொத்தான்மேல் கட்டைவிரலைக் கொண்டுபோனவர், அப்படியே முந்தானையால் திரையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "இருக்கட்டும். பொய்யா இருந்ததெல்லாம் எடுத்தாச்சு. நெஜத்த எடுத்தா அதுவும் பொய்தான். அப்பால, ஒரு புள்ளிகூட இல்லாத தெருவ எவன் நம்புவான்?"

ஷாலு எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று அவள் டீ குடிக்கவில்லை.

அழித்தது ஊர் வரைபடத்தில் ஏற நேரமாகும் போல, திங்கட்கிழமை காலையிலும் வட்டம் சிவப்பாகவே இருந்தது. நான் கடையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தேன். பதினொன்றரைக்கு மேல் அது ஆரஞ்சு ஆனது. பிறகு தண்ணீரில் கலந்த சாயம் மாதிரி கரைந்து, ஒரே ஒரு புள்ளி நின்றது. பாஸ்கர் போன் செய்ததை ஷாலு சாயங்காலம் நடித்துக் காட்டினாள்.

"வெள்ளிக்கிழமை எழுபத்தொன்னு, இன்னைக்கு ஒன்னு. மேடம், அப்படி என்னதான் பண்ணீங்க?"

"பெருக்கினோம் சார்."

"அந்த ஒன்னு என்னது?"

"பல்பு சார்."

காலை ஷிப்ட் கிடைத்தது.

புதன்கிழமை ஐந்து ஐம்பதுக்கு வெள்ளை வண்டி வாசலில் நின்றது. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே. ஓட்டுநர் யாசின், முப்பது வயது இருக்கும், இறங்கி அக்காவுக்கு வணக்கம் வைத்தார். ஊரே பல்குச்சியும் பிரஷ்ஷுமாக நின்று பார்த்தது. அக்கா பின் கதவைத் திறந்து, சீட்டில் விரித்திருந்த துணியை உருவி இரண்டு உதறு உதறினார். ஒரு கொண்டை ஊசி விழுந்தது. அதை யாசினிடம் கொடுத்து, "யாராவது கேப்பாங்க, வெச்சிரு" என்றார். வண்டியின் கூரையில் முருங்கைப்பூ உதிர்ந்து கிடந்தது. அதையும் தட்டிவிட்டார். "எங்க நிக்க வெச்சிருந்தானோ," என்றார்.

யாசின் காதில் அது விழாத மாதிரி கண்ணாடியைச் சரிசெய்தார். நான் அதைப் பார்த்தேன், ஆனால் அர்த்தப்படுத்திக்கொள்ளவில்லை.

ஷாலு இப்போது இரண்டாம் செமஸ்டர் எழுதிவிட்டாள். அக்கா இன்னும் புகார் எழுதுகிறார், ஆனால் அனுப்புமுன், "நல்லாத் தேடினியா? மடிப்பெல்லாம் பாத்தியா?" என்று மூன்று முறை கேட்கிறார், புள்ளி விழ வேண்டிய இடத்தையும் கையாலேயே குறிக்கிறார்.

போன மாதம் டீக்கடையில் யாசினும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அன்றுதான் கம்பெனி வேலையை விட்டுவிட்டு சொந்த வண்டி எடுத்திருந்தார். பேச்சு தாராளமாக வந்தது. அவர் வீடு வண்ணாரப்பேட்டை. அந்தச் சந்தில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. நிறுத்தினாலும் காலையில் கண்ணாடி இருக்காது. டூட்டி முடிந்ததும் கேப்பை அம்பத்தூர் ஷெட்டில்தான் விட வேண்டும் என்று விதி. அவ்வளவு தூரம் யார் போய்வருவது? எங்காவது பத்திரமான இடமாகத் தேடி அலைந்து ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். மூன்று வருடம் அங்கேயே போட்டதில் ஒரு கீறல் விழவில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மூச்சுவிடவில்லை.

கேப் உள்ளே வராது என்று பாஸ்கர் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கும் அந்த வண்டி எங்கள் கட்டடத்தின் பின்பக்கம், ரமாபாய் அக்கா கொசுவுக்குப் பயந்து திறக்காத சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே, முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.