ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கும் அரசர்

எங்கள் ஆட்களின் வீட்டுச் சுவரில் ஒரு மனிதரின் படம் தனியாகச் சட்டம் போட்டுத் தொங்கினால், அவர் செத்துப்போனவர் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாத விசயம் அல்ல. ஆனாலும் அரசரின் படத்தைக் கொழுவியபோது அந்த நினைப்பே வரவில்லை.

படம் எனக்குக் கிடைத்ததே என் வெட்கத்தால்தான். நகரத்துக்கு வெளியே கிரான்பர்னில், ஒரு வீட்டின் பின்பக்கத்து யூனிட்டில் தனியாக இருக்கிறேன். மரக்கறி பொதி செய்யும் இடத்தில் வேலை. படகில் வந்தவன். வழக்கு, விசா என்று காத்திருந்ததில் கலியாணம் கட்டுகிற வயதும் போய்விட்டது. கடைசியில் குடியுரிமை கிடைத்து, கவுன்சில் மண்டபத்தில் நடந்த விழாவுக்குக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். உறுதிமொழி சொல்லி, சான்றிதழும் சின்ன மரக்கன்று ஒன்றும் வாங்கியபிறகு, எல்லாரும் கூட்டம் கூட்டமாக நின்று படம் எடுத்தார்கள். நான் மரக்கன்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். பக்கத்தில், கடலுக்கு அப்பால் இருந்தபடியே இந்த நாட்டுக்கும் அரசராக இருப்பவரின் படமும் அப்படித்தான் ஒரு தாங்கியில் நின்றது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கவுன்சில் பெண் ஒருத்தி வந்து, "நீங்கள் யாரோடு படம் எடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவரைக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே என் போனை வாங்கிப் படம் எடுத்துத் தந்தாள். அரசரைப் பிடிக்குமா என்று கேட்டாள். இல்லை என்றால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். அதனால் ஆம் என்றேன். கேட்டால் எம்.பி.யின் அலுவலகம் அரசரின் படத்தை இலவசமாகவே அனுப்பும் என்று சொல்லி, அங்கே நின்ற அலுவலக ஆளிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சுருட்டிய படம் தபாலில் வந்தது. ஒரு நாட்டின் அரசரைச் சுருட்டியே வைத்திருப்பது மரியாதையாகத் தெரியவில்லை. சட்டம் வாங்கி, முன்னறைச் சுவரில் கொழுவினேன்.

வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்கும்போது முன்னால் அவர் இருப்பார். அப்போதுதான் அவரைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். ஊரில் கச்சேரி என்கிற அரச அலுவலகத்துக்குப் போனால் அதிகாரியின் மேசைக்குப் பின்னால் ஜனாதிபதியின் படம் தொங்கும். தேர்தல் முடிய ஆள் மாறுவார். அந்தப் படத்துக்குக் கீழே நாங்கள் குரலைத் தாழ்த்துவது மாறாது. அவர் வென்றவர். அவரை வெல்ல வைத்தவர்களின் ஆள். எங்களுடைய ஆளாக ஒருநாளும் இருந்ததில்லை. இந்த அரசர் யாரையும் வெல்லவில்லை. அவருக்கு யாரும் வாக்குப் போடவில்லை. அதனால் அவருக்கு வாக்குப் போடாதவன் என்றும் ஒருவன் இல்லை. பிரதமர் எவ்வளவு பெரிய வெற்றி பெற்றாலும் உச்சியில் உள்ள கதிரையில் ஏற முடியாது. அங்கே ஒருவர் ஏற்கனவே இருக்கிறார், பெரிதாக ஒன்றும் செய்யாமல்.

பள்ளிக்கூடப் படிப்போடு நின்ற எனக்கு இந்த யோசனை பெரிதாகப் பட்டது. யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. சொல்வதற்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆள்.

அவன் என்னோடு அதே படகில் வந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வருவான். இருவரும் குசினியில் நின்று புட்டும் மீன்குழம்பும் வைப்போம். எனக்குக் கிடைத்தது அவனுக்குக் கிடைக்கவில்லை. விண்ணப்பத்தை நிராகரித்தார்கள், மேல்முறையீடும் தோற்றுவிட்டது. இப்போது தற்காலிக விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓடுகிறான். குடியுரிமை விழா அன்று வேலை இருக்கிறது, வர ஏலாது என்று சொல்லியிருந்தான். நானும் அதை நம்பினேன்.

படம் கொழுவியபிறகு வந்த ஞாயிறு, உள்ளே வந்தவன் படத்தைக் கண்டதும் நின்றுவிட்டான். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டான்.

"ஆர் மச்சான் செத்தது?"

"அது அரசர்."

"எப்ப செத்தவர்?"

"அவர் சாகேல்லை."

"சாகாத மனுசனை ஏன்டா சுவரில கொழுவி வைச்சிருக்கிறாய்?"

இருவரும் சிரித்தோம். அதோடு விட்டிருக்கலாம். நான் யோசித்து வைத்ததை எல்லாம் சொல்லத் தொடங்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை. அவன் உள்ளியை உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒண்டும் செய்ய ஏலாத ஆள்தான் மேல இருக்கவேணும் எண்டால், அம்மிக்கல்லைக் கொண்டுபோய் வை. அது சாப்பாடும் கேக்காது," என்றான்.

"கல்லுக்கு முன்னால ஆர் எழும்பி நிப்பினம்? ஒரு மனுசன் வேணும். சண்டையில இல்லாத ஒரு மனுசன்."

"சண்டையில இல்லையோ? என்ர அப்பப்பா தேயிலைத் தோட்டத்தில கொழுந்து நிறுத்தவர். அங்கயே பிறந்தவர். சுதந்திரம் எண்டு சொல்லி ஒரே சட்டத்தில அவரை ஒரு நாட்டுக்கும் இல்லாதவர் ஆக்கிப்போட்டாங்கள். சுதந்திரம் வந்தும் எங்களுக்கு அரசர் எண்டு அப்ப மேல இருந்தது ஆர்? உன்ர இந்த ஆளின்ட தாத்தா. தெரியுமோ உனக்கு?"

எனக்குத் தெரியாது. அதை ஒத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான், "அவரால என்ன செய்ய ஏலும்? அவருக்குத்தான் அதிகாரம் இல்லையே," என்றேன். வாதத்தில் வென்றுவிட்டேன் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அவன் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினான்.

"ஓம். அதைத்தான் நானும் சொல்லுறன். உனக்குக் கையில பாஸ்போர்ட் வரப்போகுது. ஒண்டும் செய்யாத ஆள் உனக்குப் போதும். எனக்கு ஏதாவது செய்யக்கூடிய ஒராள் வேணும் மச்சான். குடிவரவு அமைச்சர் ஒரு கையெழுத்துப் போட்டால் நான் இங்க இருப்பன். போடாட்டி இல்லை. அந்தாளின்ட படத்தைத் தந்தாங்கள் எண்டால் நான் பூசையறையில வைச்சிருப்பன்."

அப்போதுதான் விழா அன்று அவனுக்கு வேலை இருந்திருக்காது என்று எனக்கு விளங்கியது. அவன் சாப்பிடாமல் போய்விட்டான். குழம்பு அடுப்பில் இருந்தது.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் எடுத்தால் மணி அடித்து அடித்து நின்றுபோகும். சமைக்க மனம் வராமல் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். சில நாட்களில் வேலைத்தலத்தில் சொன்ன 'குட் மோர்னிங்' ஒன்றைத் தவிர என் வாயிலிருந்து வேறு சொல் வந்திருக்காது. அரசர் அதே முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நோவதில் பிரயோசனம் இல்லை. நான் சொன்னதும் பொய் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அது ஏற்கனவே கரையேறியவன் சொல்லக்கூடிய பேச்சு.

ஜூன் மாதம், அரசரின் பிறந்தநாள் என்று திங்கட்கிழமை விடுமுறை வந்தது. குளிர். வெளியே ஆள் நடமாட்டமே இல்லை. அவருடைய பிறந்தநாளிலேயே அவரைச் சுவரிலிருந்து இறக்கினேன். மன்னிப்புக் கேட்டு எழுத எனக்கு வரவில்லை. வெறும் சுவரைப் போனில் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்பதற்கு நீலக் கோடு விழுந்தது. பதில் ஒன்றும் இல்லை.

அந்தக் கிழமை ஞாயிறு வந்து கதவைத் தட்டினான். கையில் உறைந்த தேங்காய்ப்பூப் பைக்கற்.

"புட்டுக்கு மா இருக்கோ?" என்றான். அவ்வளவுதான்.

அன்று அவன் போனபிறகு வீடு தாங்க முடியாத வெறுமையாக இருந்தது. படத்தை எடுத்துத் திரும்பவும் கொழுவினேன். அடுத்த ஞாயிறு காலையில் இறக்கி, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். பின்னேரம் ஏற்றினேன். அது அப்படியே பழக்கமாகிவிட்டது. ஆணியை அவன் கண்டிருப்பான். ஒருநாளும் கேட்கவில்லை.

போன ஞாயிறு முந்திய பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டான். கதவைத் திறந்தபோது அரசர் சுவரில் இருந்தார்.

"என்ன, இண்டைக்கு ராசாவுக்கு லீவு இல்லையோ?"

நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். என்னைவிட உயரமான அவன் முந்திக்கொண்டு தானே படத்தைக் கழற்றினான். வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"பாவம், இந்தாளுக்கும் வயசு போட்டுது," என்றான். சேட்டு நுனியால் கண்ணாடியைத் துடைத்து, என் கட்டிலில் தலையணையோரம் சாய்த்து வைத்தான்.

சாப்பிட்டு முடிய, "அமைச்சரிட்ட இருந்து ஏதும் வந்ததோ?" என்று கேட்டேன்.

"ஒண்டும் வரேல்லை. போட்டு வாறன் மச்சான்."

அவன் போனதும் படத்தை எடுத்துக்கொண்டு முன்னறையில் நிற்பேன். மூலையில் பஸ் புறப்படும் சத்தம் கேட்கும்வரை ஆணியில் கொழுவ மாட்டேன். அன்றும் அப்படித்தான். பிறகு விளக்கைப் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்தேன். வீட்டில் அவரும் நானும். அவனுக்காக ஒரு கையெழுத்துப் போட இருவருக்கும் அதிகாரம் இல்லை.