நிலாவெளியில் கேட்ட கலியாணப் பத்திரம்

கட்டுகஸ்தோட்டையில் ஸக்கியாவின் வீட்டு உடுப்புக் கொடியைப் பார்த்தே, இன்றைக்குக் கண்டியில் எந்த நாட்டு வெள்ளைக்காரர் நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம் என அக்கம்பக்கத்தார் பகிடி பண்ணுவார்கள். வாவிக்கரையைச் சுற்றியுள்ள நாலைந்து லொஜ்களில் தங்கும் பயணிகளின் உடுப்பெல்லாம் அவள் கையால்தான் வெளுத்தது. முதுகில் பை போட்டு ஊர் சுற்றுகிற சோடிகளின் உடுப்பு அது. ஆணுடையதும் பெண்ணுடையதும் ஒரே பையில் சுருண்டு கிடந்து வரும். சட்டைப்பையைப் புரட்டினால் மணல் கொட்டும்.

"இது எந்தக் கடல்ட மண்?" என்று கணவரிடம் கேட்பாள்.

ஜவாஹிர் வேன் ஓட்டுபவர். அந்தச் சோடிகளைக் கடற்கரை கடற்கரையாகக் கொண்டுபோய் இறக்குவதுதான் அவர் தொழில். மணலை உள்ளங்கையில் ஏந்தி, "இது பாசிக்குடா. இது அறுகம்பே" என்று பெரிய நிபுணர் மாதிரி சொல்லுவார். ஸக்கியா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பாவம், ஐம்பத்திரண்டு வயதுவரை அவள் கடலைப் பார்த்தது இரண்டே தரம்தான். இரண்டும் கொழும்பில், ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில்.

"புள்ளைகள்ட அலுவல் முடியட்டும்" என்பார் ஜவாஹிர். "பொறகு நீயும் நானும் மட்டும். நம்மளும் முதுகுல பேக்கப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு கடக்கரையா போவோம்."

இருபத்தேழு வருடம் அந்த ஒரு வாக்கை வைத்துக்கொண்டுதான் அவள் சீவித்தாள். சவர்க்காரத்தில் விரல்கள் வெடித்தபோதும், கணவர் வாரக்கணக்கில் வீட்டுக்கு வராதபோதும், மகன் ஸிபானுக்கும் மகள் நதாவுக்கும் காய்ச்சல் வந்து அவள் ஒருத்தியே கண்விழித்துக் கிடந்தபோதும், 'எனக்கொரு நாள் வரும்' என்று நினைத்துக்கொள்வாள். தங்கநகை கேட்கவில்லை, மாடிவீடு கேட்கவில்லை. அவர் பக்கத்தில் ஒரு மனைவியாக, ஒரு கரையில் நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

நதாவின் கலியாணம் முடிந்த மறுமாதம், ஸிபான் இரண்டு புதிய முதுகுப்பைகளோடு வந்து நின்றான்.

"உம்மா, பத்து நாள் போயிட்டு வாங்க. திருகோணமலைல தொடங்கி அறுகம்பே மட்டும். வாப்பாவோட நான் பேசிட்டேன்."

ஸக்கியா மகனின் நெற்றியில் முத்தமிட்டு அழுதாள். அவன் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று அவள் யோசிக்கவில்லை.

புறப்பட்ட காலையில் பக்கத்து வீட்டு ஜஹானா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன மச்சி, இந்த வயசுல ஹனிமூனா?"

"அந்த வயசுல வாய்க்கல்லயே!" என்றாள் ஸக்கியா. தெருவே சிரித்தது.

பகல் இரண்டு மணிக்குத் திருகோணமலைக்கு அப்பால் நிலாவெளியில் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். சவுக்கு மரங்களுக்கு அப்பால் கடல் நீலமாகத் தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்க்கத் துடித்தவளை ஜவாஹிர்தான் தடுத்தார். "அது எங்கயும் போகாது. முதல்ல ரூமை எடுப்போம்."

விடுதியின் மேசையில் மதனி என்று பெயர் குத்திய ஓர் இளம்பெண் இருந்தாள். அவர்களுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரச் சோடி பாஸ்போட்டைக் காட்டியது, சாவியை வாங்கியது, போயே போய்விட்டது. இவர்கள் அடையாள அட்டைகளை நீட்டினார்கள். அவள் தயங்கினாள்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. உள்ளூர் ஆக்கள் சோடியா வந்தா மெரேஜ் சேட்டிபிகட் பாக்கச் சொல்லி முதலாளியின்ர ஓடர்."

ஸக்கியாவுக்குச் சிரிப்பு வந்தது. "புள்ள, எங்கட மகளுக்கே போன மாசம் கலியாணம். இந்தக் கிழவனை நான் கடத்திட்டு வந்தேன்னு நினைக்கிறீங்களா?"

மதனியும் சிரித்தாள். ஆனாலும் கையை நீட்டியபடியே இருந்தாள்.

ஜவாஹிருக்கு இந்த வழக்கம் புதிதல்ல. வேன்காரருக்குத் தெரியாத விடுதிச் சட்டமா? அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் உறையை அவர் கொண்டுவந்திருந்தார். வாசிக்கிற கண்ணாடி மட்டும் பையின் அடியில் எங்கேயோ கிடந்தது. விரல்களால் தடவி, மடித்த ஒரு தாளை உருவி மேசையில் வைத்தார்.

மதனி வாசித்தாள். அடையாள அட்டையைப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள். அவள் குரல் சட்டென்று இறங்கியது.

"அன்ரி... இதில வேற பேர் கிடக்கு."

ஜவாஹிரின் கை பாய்ந்தது. அதற்கு முன் ஸக்கியாவின் கை தாளில் விழுந்துவிட்டது.

மணமகன், ஜவாஹிர். மணமகள், மஸாஹிரா. ஊர், கலகெதர.

தேதி ஆறு வருடத்துக்கு முந்தியது. அந்த மாதத்தை அவளால் மறக்க முடியுமா? டெங்குக் காய்ச்சலில் நதா பெரியாஸ்பத்திரியில் கிடந்த மாதம். 'ஜேர்மன்காரரோட மிரிஸ்ஸ கடக்கரையில மாட்டிக்கிட்டேன்' என்று ஜவாஹிர் போனில் சொன்ன மாதம்.

தன் பத்திரம் எப்படியிருக்கும் என்றுகூட ஸக்கியாவுக்குத் தெரியாது. அவளுக்காக அவள் வாப்பா ஒப்பமிட்டார். அன்றிலிருந்து அது அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. பயணத்துக்கென்று ஜவாஹிர் அதையும் எடுத்து உறைக்குள் வைத்திருந்தார். ஏற்கெனவே அங்கே இருந்ததை வெளியே எடுக்க மறந்ததுதான் அவர் விட்ட பிழை.

இது ஏன் எப்போதும் உறைக்குள் இருந்தது? இப்படி எத்தனை மேசைகளில் இதை நீட்டியிருப்பார்?

"ஸக்கியா, நான் விளக்கமா செல்றேன்..."

"ஒண்டும் செல்ல வேணாம்" என்றாள்.

மகனுக்கு போன் எடுத்தாள். நடந்ததைச் சொன்னாள். அவன் 'என்ன?' என்று பதறுவான், தகப்பனைத் திட்டுவான் என்று காத்திருந்தாள். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"உம்மா... ரெண்டு வருசத்துக்கு முந்தி கலகெதரவுல வாப்பாவைக் கண்டேன். அந்த வீட்டுக்கும் போனேன். நதாட கலியாணம் முடியுமட்டும் வாயைத் திறக்க வேணாம்னு வாப்பா கெஞ்சினார். அதுக்குப் பொறகு எப்படிச் செல்றதுன்னு... அதான் உம்மாவை ஒரு பயணமாவது..."

"நதாவுக்கு?"

"அவளுக்கும் தெரியும், உம்மா."

அப்படியானால் இந்தப் பயணம்? இருபத்தேழு வருடம் காத்திருந்து கையில் கிடைத்த பரிசா, இல்லை, வாயை அடைக்கத் தந்த மிட்டாயா? கணவன் ஏமாற்றினான் என்றால் நெஞ்சு வெடிக்கும். பெற்ற பிள்ளைகள் இரங்கினார்கள் என்றால் அதைவிடக் கேவலமாக ஏதோ நடக்கும்; அதற்கு ஸக்கியாவிடம் சொல் இருக்கவில்லை.

"அன்ரி, ஒராளுக்கெண்டா ஒண்டும் தேவையில்லை. ஐடென்டிக் காட் மட்டும் போதும்" என்றாள் மதனி மெதுவாக. கண் கலங்கியிருந்தாள்.

ஸக்கியா ஓராளுக்கு அறை எடுத்தாள். கதவைச் சாத்தினாள். ஜவாஹிர் வேறெங்கோ தங்கினார்.

காலையில் அவர் வாசலில் வந்து நின்றபோது, கண்டி பஸ்ஸுக்குத்தான் போகப்போகிறோம் என்று நினைத்திருப்பார். அவள் தன் பையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள்.

"எனக்குச் செல்லின எல்லா இடமும் காட்டுங்க. வாக்குக் குடுத்தீங்கதானே?"

படகில் புறாத்தீவுக்குப் போனார்கள். வெள்ளைக்காரச் சோடிகள் கைகோத்து மீன் பார்த்தன. ஸக்கியா முழு உடுப்போடு முழங்கால் தண்ணீரில் நின்று கேட்டாள்.

"இங்க அவவையும் கூட்டிட்டு வந்தீங்களா?"

ஜவாஹிர் தலைகுனிந்தார். "ஓம்."

"உப்புவெளிக்கு?"

"ஓம்."

"பாசிக்குடாவுக்கு?"

"ஸக்கியா, போதும்..."

"ஓமா, இல்லையா?"

"ஓம்."

"அறுகம்பேக்கு?"

அவர் படகை நோக்கித் திரும்பி நடந்தார். தன்னிடம் வெளுக்க வந்த உடுப்புகளின் மணலை உள்ளங்கையில் ஏந்தி அவர் ஊர்ப்பெயர் சொன்ன காட்சி அவளுக்கு ஞாபகம் வந்தது. எந்த மணலை எவளோடு மிதித்துவிட்டு வந்து சொன்னார்? தனக்கென்று மிச்சம் வைத்த ஒரு கரை, ஒரே ஒரு கரை இந்த நாட்டில் இல்லையா? சுற்றிலும் கடல்தானே!

மறுநாள் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினார்கள். மூதூர் தாண்டியது. ஜவாஹிர் இரண்டு நாள் தூக்கமின்மையில் தலை சாய்ந்து உறங்கிப்போனார். வாகரைக்கு இந்தப் பக்கம், பனைகளுக்கு நடுவே கடல் திடீரென்று மிக அருகில் வந்தது. விடுதி இல்லை. விளம்பரப் பலகை இல்லை. வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லை. எந்த வேன்காரரும் எவரையும் கொண்டுவந்து இறக்காத கரை.

ஸக்கியா மணியை அடித்தாள். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பஸ் அவரையும் சுமந்துகொண்டு போய்விட்டது.

அழகான இடம் என்று சொல்ல முடியாது. கருவாடு காய்ந்து நாறியது. வெயில் மண்டையைப் பிளந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தாள். ஒரு சந்தோசமும் வரவில்லை. அவள் கனவு கண்டது இந்தக் கடலையல்ல, பக்கத்தில் நடக்கும் ஒரு மனிதனை என்று அப்போதுதான் விளங்கியது. அந்த மனிதன் பஸ்ஸில் போனவர் அல்ல. அப்படி ஒருவர் என்றைக்குமே இருந்ததில்லை. ஓவென்று அழுதாள். காகங்கள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

போன் அடித்தது. ஸிபான்.

"உம்மா! உம்மாவைக் காணல்லன்னு வாப்பா வாழைச்சேனையில நின்டு கத்துறார். எங்க நிக்கிறீங்க?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மகன், நம்மட வீடு யார்ட வீடு?"

"என்ன உம்மா இது... உங்கட வீடு. மூத்தவாப்பா தன்ட மகளுக்குன்னு எழுதித் தந்தது."

"அப்ப ஒரு வேலை செய். உங்கட வாப்பாட உடுப்பு எல்லாம் மேல் தட்டுல மடிச்சி வச்சிருக்கு. ஒண்டு விடாமக் கட்டி, கலகெதரவுல கொண்டுபோய்க் குடு."

"உம்மா..."

"நீயே கொண்டு போ. உனக்குத்தான் வீடு தெரியுமே."

அவன் அழுகிற சத்தம் கேட்டது. ஆனாலும் அவள் 'அழாதே' என்று சொல்லவில்லை.

"உம்மா, அந்த இடத்துட பேரையாவது செல்லுங்க. நான் வாறேன்."

ஸக்கியா வீதியைத் திரும்பிப் பார்த்தாள். பெயர்ப்பலகை ஒன்றும் கண்ணில் படவில்லை.

"தெரியாது" என்றாள். "நான் பஸ்ஸுல வாறேன். நான் வாற நேரம் அந்த அலுமாரித் தட்டு வெறுமையா இருக்கணும்."