அக்காவின் கடைப் பலகைக்கு ஒரு படம்

நெய்யூரில் புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்து வந்த பிறகு, என் அக்கா குழித்துறையில் தையல் கடை திறக்கத் தீர்மானித்தாள். பலகையில் தன் படமும் பெரிதாக இருக்க வேண்டும் என்றாள். நோய்க்கு முன், நீண்ட பின்னலோடு அவள் இருந்தபோது நான் எடுத்த படத்தைக் கொடுத்தாள். அப்போதெல்லாம் மெமரி கார்டில் நிறையப் படங்கள் கொள்ளட்டும் என்று கேமராவில் படத்தின் அளவை மிகச் சிறியதாகவே வைத்திருப்பேன். போனில் அழகாக இருந்த அந்தப் படம், அச்சகத்தின் திரையில் பலகை அளவுக்கு விரிந்ததும் கட்டம் கட்டமாக உடைந்தது.

"இதுக்கு மேல தெளியாது அக்கா. பெரிய சைஸ்ல எடுத்த படம் வேற உண்டா?" என்று கேட்டாள் அங்கே வேலை பார்த்த பெண்.

இல்லை. நோய்க்குப் பிறகு அக்கா யாரையும் படம் எடுக்க விட்டதில்லை. முடி அப்போதுதான் காதளவு வளர்ந்திருந்தது. வெளியே வந்ததும் அக்கா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பையில் வைத்தாள்.

"கேமரா கொண்டு வந்தியாலே?"

"வண்டியில இருக்குக்கா."

"அப்பம், இப்பம் உள்ள என்னைய எடு. பெரிய சைஸ்லயே எடு."

அளவை மிகப் பெரியதற்கு மாற்றினேன். ஆற்றுப் பாலத்துப் பக்கம் நல்ல வெளிச்சம் இருந்தது. முதலில் விறைப்பாக நின்றவள், காற்று குட்டை முடியைக் கலைத்ததும் கூச்சத்தில் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்புதான் பலகையில் ஏறியது. அருகில் போய்ப் பார்த்தாலும் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. திறப்பு நாளில் துணியோடு வந்த ஒரு பெண் பலகையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த முடி உங்களுக்கு நல்லா சேருது" என்றாள்.

அக்கா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, "கைய நீட்டுங்க" என்றாள்.