மூன்று ‘போடாதீங்க’

ஒகேனக்கல்லில் மீன் வறுக்கும் அக்கா ஒருவரை இன்று ஊர் உலகத்துக்கே தெரியும். தெரியவைத்தவன் நான்.

போன வருஷம் அவர் கடையில் உட்கார்ந்து, எண்ணெயில் மீன் பொரிவதை வீடியோ பிடிக்கலாமென்று போனை நீட்டியிருந்தேன். பக்கத்து ஆள் மென்ற முள்ளை, மசாலா தடவி வைத்திருந்த மீன் தட்டில் துப்பினான்.

“அதுல போடாதீங்க சார்.”

மறுபடி துப்பினான். “போடாதீங்க.” இன்னொன்று. “போடாதீங்கன்னு சொல்றேன் இல்லீங்க?”

நாலாவது முள் விழுந்ததும் கரண்டியை ஓங்கினார். “ஏன்டா, ஒங்கப்பன் வூட்டுக் குப்பத்தொட்டியாடா இது?”

பஸ்ஸில் திரும்பும்போதே வீடியோவை வெட்டினேன். மூன்று ‘போடாதீங்க’வும் நீளமாகத் தெரிந்தன, ‘ஏன்டா’வில் தொடங்கினால்தான் சிரிப்பு. இத்தனை வருஷமாகக் கவிதை எழுதுகிறேன், எங்கே வெட்டவேண்டும் என்று தெரியாதா? நெட்டில் போட்டேன். லைக் ஏற ஏற, மேலே இருந்த என் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தை ஒருமுறைகூட நிறுத்திப் பார்க்கவில்லை.

போன வாரம் மறுபடி போனேன். மூன்று பேர் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“அக்கா, ஒரே ஒரு ‘ஏன்டா’ சொல்லுக்கா. இவன் நம்ப மாட்டேங்கறான்.”

சிரித்துவைத்தார். மீனைத் திருப்பிப் போட்டார். அவர்கள் போனபிறகு என்னிடம் சொன்னார்: “சர்ச்சுல ஞாயித்துக்கெழம பூசைக்கு வாசகம் படிக்கறது நாந்தானுங்க சார். இப்ப மைக்கு முன்னால நின்னாலே சிரிக்கறாங்க. படிக்கறதில்லீங்க.”

“ஃபாதர் ஒண்ணும் கேக்கலீங்களா?”

“அவரும் பாத்திருக்காருங்க.”

அடுத்த மீனை எண்ணெயில் விட்டார். “எடுத்தவன் மட்டும் கையில கெடச்சான்னா…” கரண்டி உயர்ந்தது. யாராவது போனை நீட்டுகிறார்களா என்று சட்டென்று சுற்றிலும் பார்த்தார், தாழ்த்திக்கொண்டார். எனக்கு வரவேண்டிய வசவு அது. பாதியில் விழுங்கிவிட்டார்.

வெட்டாத வீடியோ என் சட்டைப்பையில், போனுக்குள் இருந்தது. நாந்தானுங்க அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன்.

“உப்பு சரியா இருக்குதுங்களா சார்?”

“இருக்குதுங்க.”

முள்ளை இலையோடு சுருட்டினேன். குப்பைக்கூடை காலடியிலேயே இருந்தது. அவர் கடையில் எதையும் போடக் கை வரவில்லை. பஸ் ஏறியபிறகும் அது என் கையிலேயே இருந்தது.