வால்டேரில் இறங்குகிறவர்கள் வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும்

காலையில் நான் பல் விளக்கும்போது என் வீட்டுக் கூரைமேல் ஓர் ஆடு நின்று வேடிக்கை பார்க்கிறது. ஏணி வைத்து ஏறிய ஆடு அல்ல. மேல்வீட்டுக்காரரின் வாசலும் என் ஓட்டுக் கூரையும் ஒரே மட்டம். பாவம், அது தன் வாசலில்தான் நிற்கிறது. கோயமுத்தூரில் பக்கத்து வீடு என்றால் பக்கத்தில் இருக்கும். மலைச் சரிவில் ஏறி நிற்கும் விசாகப்பட்டினத்தில் தலைக்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் காலுக்குக் கீழே.

கப்பல் பட்டறையில் லேத் ஓட்ட இங்கே வந்து இரண்டு வருஷமாகிறது. நம் பக்கத்திலிருந்து முதன்முதலாக வருகிறவர்களுக்குச் சில யோசனைகள் சொல்கிறேன். எல்லாம் நானே விழுந்து எழுந்து கற்றவை. விழுந்ததற்கு முழங்காலில் அத்தாட்சி இருக்கிறது. முதலாவது, ரயிலில் விசாகப்பட்டினம் என்ற ஸ்டேஷனைத் தேடாதீர்கள். ஸ்டேஷன் பெயர் வால்டேர். நான் தேடினேன், தேடி முடிப்பதற்குள் மெயில் என்னை அடுத்த ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. சைக்கிள் ரிக்‌ஷாவில் சமதரை வரைக்கும்தான் நீங்கள் பயணி, மேடு வந்ததும் இறங்கித் தள்ளவேண்டும். பொரித்த அப்பளத்தை உடனே தின்றுவிடுங்கள், கடற்காற்றில் அது ஐந்து நிமிஷத்தில் துணியாகிவிடும். அதே காற்று வேட்டியை என்ன செய்யும் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். வழி கேட்டால் எல்லோரும் "தக்கரே" என்பார்கள், பக்கம்தான் என்று அர்த்தம். வந்த அன்று மீன்காரம்மா ஒருவரிடம் விலாசத்தைச் சொல்லிக் கேட்டேன். அவர் விரலை வானத்தை நோக்கி நீட்டினார். ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்கிறார் போலிருக்கிறது என்று நானும் மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். வீடு அங்கேதான் இருந்தது, நூற்றுப் பதினாறு படிக்கு மேலே.

இந்தப் படிகள்தான் என் குடும்ப வாழ்க்கைக்கே உலை வைக்கப் பார்த்தன. என் வீட்டுக்காரி சரசு அப்போது சிங்காநல்லூரில் தன் அப்பா வீட்டில் இருந்தாள். ஊரை நேரில் பார்த்த பிறகுதான் பெண்ணை அனுப்புவேன் என்று மாமனார் எழுதிவிட்டார். "நம்மூர் மாதிரியேதான், கொஞ்சம் மேடு" என்று நான் பதில் போட்டேன். அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லுக்குள் நூற்றுப் பதினாறு படியையும் மடித்து வைத்துத் தபாலில் சேர்த்தேன்.

பங்குனி வெயிலில் மாமனார் வந்தார். குளத்தோரம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர், வரப்பைவிட உயரமான எதிலும் ஏறிப் பழகாதவர். கடற்கரை ஊருக்குத் தேங்காய் மூட்டையோடு வந்திருந்தார். நூற்றுப் பதினாறு படியையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினார். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் அடிவாரத்தில் ஆறுமுகம் வீட்டில் சாப்பாடு. ஆறுமுகம் பொள்ளாச்சிக்காரர், என்னோடு பட்டறையில் வேலை செய்கிறவர். சாப்பிட்டுக் கிளம்பியபோது அவரும் செருப்பை மாட்டினார்.

"மேல வரைக்கும் வந்து உட்டுட்டு வாரனுங்க."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றார் மாமனார்.

"அதெப்படீங்க? நம்மூருன்னா பஸ்சுல ஏத்தி உடுவோம். இங்க படிதானுங்களே இருக்குது."

உங்களுக்குத் தெரியாததா? விருந்தாளியை வாசலோடு அனுப்பினால் நம் பக்கத்தில் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். சமதரையில் அது ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்து வேலை. ஆறுமுகம் மேலே வந்தார், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார், இறங்கினார். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏனுங்க மாப்ள, நம்மூட்டுக்கு வந்தவர தனியா அனுப்பறதா?"

"மாமா, அவரு நம்மள உட வந்தவருங்க."

"உள்ள வந்து தண்ணி குடிச்சாரில்லீங்க? அப்பறம் விருந்தாளிதான்."

இறங்கினோம். அடிவாரத்தில் ஆறுமுகத்தின் மனைவி மோர் கொடுத்தார். குடித்தோம், ஆக, நாங்கள் விருந்தாளிகள். ஆறுமுகம் மறுபடி செருப்பை மாட்டினார். மேலே தண்ணீர், கீழே மோர். மூன்றாவது தடவை ஏறும்போது மாமனாரின் மூச்சு துருத்தி போலக் கேட்டது. ஒவ்வொரு படியிலும் சரசு என்னைவிட்டு ஒரு மைல் தள்ளிப் போவதாக எனக்குத் தோன்றியது.

நடுப்படியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரை ஒருவர் துரத்துகிறோம், ஏதோ பெரிய சண்டை என்று முடிவுகட்டிவிட்டாள் போலும். இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்து, தெலுங்கில் சமாதானம் பேசி, எங்கள் மூவரையும் தன் வாசலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

குடித்து முடித்த மாமனார் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஆறுமுகம், இப்ப நாம மூணு பேருமே இந்தம்மணி ஊட்டு விருந்தாளிங்க. யாரும் யாரையும் கொண்டுபோய் உட வேண்டீதில்ல!"

ஆறுமுகம் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. அவர் கீழே போனார், நாங்கள் மேலே போனோம். சண்டை தீர்ந்த சந்தோஷத்தில் அந்த அம்மாள் இரண்டு பக்கமும் கையாட்டினாள்.

ஊருக்குத் திரும்பும் நாளில் மாமனார் ரயில் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "கொஞ்சம் மேடுன்னு எழுதிப்போட்டீங்களே மாப்ள, காலு ரெண்டும் எம்பேச்சக் கேக்கறதில்ல." நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஆனா ஒண்ணு. மேல, கீழ, நடுவுல, எங்க உக்காந்தாலும் தண்ணி குடுக்கறாங்க. சித்திரைல புள்ளையக் கூட்டியாந்து உடறேன்."

"நீங்களேவா வாறீங்க?"

"பின்ன? தனியா அனுப்பறதா?"

சொன்னபடி சித்திரையில் சரசுவோடு வந்தார், இரண்டு நாள் இருந்தார். அவரை வழியனுப்ப நாங்கள் இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் நகர்ந்தது; நாங்களும் ஜன்னலோடு நடந்தோம். பிளாட்பாரம் முடிந்தது, எங்கள் கால் நிற்கவில்லை. சரிவில் இறங்கி ஜல்லிக் கற்களின்மேல் இன்னும் கொஞ்ச தூரம் போனோம். கடைசிப் பெட்டியும் மறைந்த பிறகு சரசு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இப்ப நம்மள யாருங்க ஊட்டுல கொண்டுபோய் உடறது?"

முதுகுக்குப் பின்னால் நூற்றுப் பதினாறு படியோடு மலை இருந்தது. இரண்டு பேரும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.