நிவி உட்கார்ந்த இடம்

என் தம்பி ஏனொக்குக்குக் காது நன்றாகக் கேட்கும். யார் பேச்சையும்தான் கேட்க மாட்டான். உறைந்த கடல்மேல் நாய்வண்டி ஓட்டிப் போய், துளை போட்டு ஹாலிபட் மீன் பிடிப்பான். கிரீன்லாந்தில், எங்கள் இலுலிசாட் ஊரில் அவனைப்போல ஒரு வாயாடி கிடையாது. தேவாலயத்தில் கர்ணகொடூரமாகப் பாடுவான். கேட்டால், "கடவுளுக்குப் பிடிக்கலன்னா அவரே வந்து சொல்லட்டும்" என்பான்.

அவன் மகள் நிவி சளிக்காய்ச்சலில் போய்விட்டாள், பாவி. செத்தவர் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைத்தால் அவரே திரும்பி வருவார் என்பது எங்கள் வழக்கம். அதுவரை பெயர் அநாதையாக அலையக் கூடாதென்று, வண்டியின் முன்னால் ஓடும் பெட்டை நாய்க்கு அதை வைத்தான். அவன் மனைவி மாலினா அதற்குத் தன் கையாலேயே ஊட்டுவாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். "இன்னும் கொஞ்ச நாள்தாண்டி, பேரைப் பத்திரமா வச்சிரு" என்று நாயிடம் சொல்வாள்.

அந்தச் சமயம் பார்த்து, அவன் ஆழத் தூண்டிலில் ஹாலிபட்டுக்குப் பதில் காட் மீனாக ஏறியது. அது வெதுவெதுப்பைத் தேடிப் போகிற மீன்.

"அடியில தண்ணி சூடாயிருக்குடா, போகாத" என்றேன்.

"மூக்கு உறைஞ்சு விழுது, சூடாமே! உன் வாய்ச் சூடா இருக்கும்க்கா" என்று சிரித்துக்கொண்டே போனான்.

ஆராய்ச்சிக் கப்பல்காரர்கள் பிறகு சொன்னார்கள். தெற்கே இருந்து வரும் நீர் உப்பால் கனத்து, எங்கள் குளிர்நீருக்கு அடியில் புகுந்து, தரையோடு, மலைகளுக்கிடையே நீளும் எங்கள் கடல்வாய்க்குள் வருகிறதாம். பனிமலையின் அடியைக் கரைக்கிறதாம். உருகிய நீர் மேலே கிளம்பும்போது அந்தச் சூட்டையும் இழுத்துவருகிறதாம். இந்த ஓட்டம் மாறினால் எங்கெங்கோ மழையும் குளிரும் மாறுமாம். எனக்கென்ன அதைப் பற்றி? எங்கள் பனியை அது அடியிலிருந்து தின்றுவிட்டது.

அன்று பாதி வழியில் நிவி உட்கார்ந்துவிட்டாள். அதட்டினான், எழவில்லை. இரும்புக்கழியால் பனியை ஒரு குத்து குத்திப் பார்த்தான். கழி இறங்கவில்லை. எங்கள் அப்பன் காலத்திலிருந்து அந்த ஒரு குத்துதான் கணக்கு, இறங்காவிட்டால் போகலாம்.

"சோம்பேறிக் கழுதை, வாடி!" என்று கழுத்துவாரைப் பிடித்து இழுத்தான்.

நாலடி தள்ளிப் பனி உடைந்து இரண்டு பேரும் உள்ளே போனார்கள். வாரைப் பிடித்துத் தொங்கியவனை மற்ற நாய்கள் வெளியே இழுத்துப் போட்டன. நீரோட்டம் நிவியைப் பனிக்கடியில் இழுக்க, அவள் வார் பனிவிளிம்பில் மாட்டி, மற்றவற்றையும் இழுக்க ஆரம்பித்தது. அவனே கத்தியால் அறுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தவனிடம் மாலினா, "நிவி எங்க?" என்றாள்.

"உக்காந்தா. நாந்தான் கேக்கல."

கோடையில் பெண் பிறந்தது. மாலினா பிடிவாதமாக நிவி என்றே பெயர் வைத்தாள். ஏனொக் அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டதே இல்லை.

இப்போது குழந்தை நடக்கிறாள். கடைக்குப் போகும் வழியில் சில நேரம் தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிடுவாள். பிள்ளைகள் செய்வதுதான். ஏனொக் நின்றுவிடுவான். அவளாக எழும்வரை ஓர் அடி எடுத்துவைக்க மாட்டான். ஊர் சிரிக்கும். என்னால் முடியாது.